மேலே இருந்த வரி

இருபத்து மூன்றாவது வரி. அதை வெட்டி நாற்பத்தொன்றாவது வரிக்குக் கீழே ஒட்டினால் முடிந்தது, அரை நிமிஷ வேலை, ஆனால் பதினொன்று ஐந்திலிருந்து நான் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதாவது தேடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன், நெற்றியைச் சுருக்கி, மௌஸை மேலும் கீழும் உருட்டி, நடுவில் ஒருமுறை ம்ம்ம் என்றுகூடச் சொன்னேன், யாருக்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை, பக்கத்து நாற்காலி காலி. மணி பதினொன்றே முக்கால். கீழே மோட்டார் காயில் கட்டுகிற கடையின் வார்னிஷ் வாசனை மாடி ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. திரையில் ரூட் ஃபைல் திறந்திருக்கிறது. ரூட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, வெளியே யாரோ ஒரு முகவரியைத் தட்டுகிறார்கள், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று நாம் வரிசையாக எழுதி வைத்திருப்போம், நாங்கள் எழுதுகிற பி.எச்.பி. மொழியின் ஃபிரேம்வொர்க் அந்த வரிசையை மேலிருந்து படித்துக்கொண்டே வரும், எது முதலில் பொருந்துகிறதோ அங்கேயே நின்றுவிடும், கீழே இதைவிடச் சரியானது ஒன்று இருக்கிறதே என்று எட்டிப் பார்க்காது. ‘மாணவி’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வந்தாலும் அது அந்தப் பெண்ணின் எண் என்று எடுத்துக்கொள், இது இருபத்து மூன்றாவது வரி. ‘மாணவி’க்குப் பின்னால் ‘புதுப்பிப்பு’ என்று வந்தால் விடுதி அறையைப் புதுப்பிக்கிற படிவத்தைக் காட்டு, இது நாற்பத்தொன்று. புதுப்பிப்பு தொடங்கிப் பதினொரு நாள், நாற்பத்தொன்றாவது வரிக்கு யாருமே போய்ச் சேரவில்லை. புதுப்பிப்பு என்று கேட்டு வந்த ஒவ்வொரு பெண்ணையும் இருபத்து மூன்று வழியிலேயே பிடித்து, புதுப்பிப்பு என்று ஒரு எண்ணா, அப்படி ஒரு எண் இல்லையே என்று, ‘அப்படி ஒரு மாணவி இல்லை’ என்ற பக்கத்தைக் காட்டி அனுப்பியிருக்கிறது. நாற்பத்து மூன்று பெண்கள். அந்த வாசகத்தைத் தமிழில் எழுதியதும் நான்தான், பெண்களுக்குப் புரியவேண்டும், ஆங்கிலத்தில் எர்ரர் என்று போட்டால் பயந்துவிடுவார்கள் என்று விடுதியை நடத்துகிற அறக்கட்டளையின் கூட்டத்தில் பெரிய மனுஷன் மாதிரி எடுத்துச் சொன்னவனும் நான்தான்.

ஒரு பெண் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து விடுதிக்கு அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு செய்தி, ‘சார் நான் இருக்கேன், ரூம் பதினாலு, வார்டன் அக்காவுக்கு என்னைத் தெரியும்.’ காலையில் பத்தரை மணிக் கூட்டத்தில் சென்னியப்பன் சார் அதைச் சத்தமாகப் படித்தார். கம்பெனி அவருடையது, ஆட்கள் ஒன்பது பேர், பதினாறு வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் நாலு தடவை கேட்டிருப்பேன், இன்றைக்கும் உயர்த்தவில்லை, படித்துவிட்டு செல்போனை மேஜைமேல் குப்புற வைத்தார். “ஏனுங்க சிகா, இது எப்படிங்க ஆச்சு?” தெய்வசிகாமணி என்ற என் முழுப் பெயர் இந்த ஆபீசில் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும், மற்றபடி சிகா. சிகாவும் உடனே எழுந்தான், என் மடிக்கணினியைச் சுவர் டிவியில் இணைத்தான், ரூட் ஃபைலைத் திறந்தான், ஒரே பார்வையில் கண்டுபிடித்தான். “சார், இந்த வரி மேல வந்துருக்குங்க, இது கீழ இருக்கோணும்.” எல்லோரும் ஆஹா என்று பார்த்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம். யார் எழுதினது என்று சாரும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை, நானாகத்தான், “ஒரு நிமிஷம் சார், யாருன்னு பாத்துடலாம்” என்று சொல்லி அந்தக் கட்டளையைத் தட்டினேன். எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பெயரோடு காட்டுகிற கட்டளை. பிளேம் என்று பெயர், பழி என்றே வைத்திருக்கிறான், வைத்தவனுக்கு ஒளிவுமறைவு கிடையாது. இருபத்து மூன்றுக்கு நேரே ஜெபசெல்வி என்று வந்தது. சேர்ந்து ஐந்து மாதம் ஆன பெண், சாத்தான்குளம் பக்கம், ப்ரொபேஷன் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அந்தப் பெயரைப் பார்த்த அந்த நொடியில், நிஜமாகவே அந்த நொடியில்தான், அதற்கு முன்னால் இல்லை, எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், எனக்கு ஞாபகம் வந்தது, அந்த வரியை எழுதியது நான்.

பதினெட்டு நாளைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் அறக்கட்டளைச் செயலாளருக்கு டெமோ. செல்வி நாலு மணிக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டாள், அவள் அத்தை மகனுக்குக் கல்யாணம், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருந்தாள். என்னுடையது அப்டேட் போட்டுக்கொண்டு பதினெட்டு சதவீதத்தில் நின்றிருந்தது. அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், எனக்குத் தாழ்வாக இருந்தது, உயரத்தைக்கூட ஏற்றிக்கொள்ளவில்லை, முட்டி மேஜையில் இடித்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது பார், வரி மட்டும் மறந்துபோனது. மாணவி பக்கம் திறக்கவில்லை. ஏன் என்று ஆற அமர யோசிக்காமல் ஒரு வரியை எழுதி மேலே செருகினேன், திறந்தது, அப்பாடா, நாளைக்கு ஒழுங்காக இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, கமிட் செய்து, அதாவது மாற்றத்தைப் பெயரோடு பதிவு செய்துவிட்டு, எழுந்து டீ குடிக்கப் போனேன். கம்ப்யூட்டர் அவளுடையது, அதனால் பெயரும் அவளுடையது. கமிட்டை அது உட்கார்ந்திருப்பவன் யார் என்று பார்த்தா எழுதுகிறது? பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதுகிறது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேனே, அந்த நாளை வரவில்லை, டெமோ நன்றாகப் போனது, செயலாளர் கை குலுக்கினார், நான் மறந்தேன். குறிப்பான முகவரி முதலில், பொதுவானது கடைசியில், இதை இந்த ஆபீசுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே போர்டில் எழுதிக் காட்டுகிறவன் நான். பதினாறு வருஷமாக எழுதிக் காட்டுகிறேன். இதைக்கூடத் தெரியாமல் எப்படிப்பா காலேஜ் முடிச்சே என்று ஒருத்தனைக் கேட்டு அவன் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். காலையில் டிவியில் அந்தப் பெயர் வந்தபோது செல்வி எழுந்து நின்றாள், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல, யாரும் எழச் சொல்லவில்லை. “நான்தான் சார். எப்ப எழுதுனேன்னு நெனைப்பே வரமாட்டேங்கு சார். ஆனா என் பேருதான் இருக்கு. சாரி சார்.” நான் அப்போது பேசியிருக்க வேண்டும், அவள் நிற்பதற்கும் உட்காருவதற்கும் நடுவில் நாலைந்து வார்த்தைக்கு இடம் இருந்தது. நான் டிவியைப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தது, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து ஐம்பத்திரண்டு, அவள் அப்போது திருப்பூர் தாண்டி, இல்லை, அவள் போனது அந்தப் பக்கம் இல்லை, பொள்ளாச்சி தாண்டி எங்கோ ரயிலில் இருந்திருப்பாள். யாரும் நேரத்தைப் பார்க்கவில்லை. நான் ஒயரைப் பிடுங்கினேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் சென்னியப்பன் சார் என்னை மட்டும் நிறுத்தினார். “ஒரு மணிக்குச் செயலாளர் கூப்புடுவாருங்க. தேதியைத் தள்ளி வெக்கறேன்னு சொல்லிட்டாரு, புள்ளைங்களுக்கு ரூம் போகாது, அதுக்குக் கவலையில்லை. ஆனா யாரு பண்ணுனது, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேப்பாரு. அந்தப் பொண்ணை மாசக் கடைசியோட அனுப்பிச்சுப்போடறோம்னு சொல்லிடறனுங்க. என்ன சொல்றீங்க?” நான் என்ன சொன்னேன். முதல்ல சரி பண்ணிட்டு வந்துடறனுங்க என்றேன். அதனால்தான் சரி பண்ணாமல் உட்கார்ந்திருக்கிறேன், சரி பண்ணிவிட்டால் அடுத்து பேசவேண்டும். பன்னிரண்டு பத்து. மூன்று வாக்கியம்தான் தேவை. சார், அந்த வரி நான் எழுதினது. செல்வி ஊருக்குப் போனப்புறம் அவ கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து எழுதினேன். நேரத்தைப் பாருங்க. மனதுக்குள் சொன்னால் எவ்வளவு சுலபமாக வருகிறது. சொன்னால் என்ன ஆகும், என்னை அனுப்பிவிடுவாரா, மாட்டார், அது எனக்கே தெரியும், அதுதான் இன்னும் கேவலம். எனக்குப் போவது வேலை இல்லை. எல்லோரும் ஆஹா என்று பார்த்தார்களே, அது போகும். போன மாதம்கூட அவர், “இன்னும் பி.எச்.பி.யிலயே இருக்கமுங்களே, புதுசா ஏதாவது போலாமுங்களா” என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார், எனக்கு வயது நாற்பத்தாறு, எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், அதிலும் முதல் நாள் பாடத்தில் கோட்டை விட்டவன் என்று தெரிந்தால். தெரிந்தால் என்ன, சிரிப்பார்கள், இரண்டு நாள் சிரிப்பார்கள். அந்த இரண்டு நாள் சிரிப்புக்கு நான் ஒரு பெண்ணின் வேலையை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், மணி பார்த்துக்கொண்டே. இது புதிதும் இல்லை. என் மகள் நறுமுகையின் செஸ் போட்டி படிவம், எட்டாம் வகுப்பில், நான் கையெழுத்துப் போட்டு பையிலேயே வைத்து மறந்துவிட்டு, ஸ்கூல்ல தொலைச்சுட்டாங்க போல பாப்பா என்று சொன்னேன், அவள் நம்பினாள், மறுநாள் போய் அவள் மிஸ்ஸிடம் அழுது சண்டை போட்டாள், அந்த மிஸ் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார்கள். நான் பரவாயில்லைங்க மேடம் என்றேன். என்னால் பரவாயில்லை என்று சொல்ல முடிந்திருக்கிறது. அந்தப் படிவம் இன்னும் என் அலமாரியில் இன்சூரன்ஸ் ஃபைலுக்கு அடியில் இருக்கிறது, கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, காட்டவும் வரவில்லை.

சரி, மாற்றிவிடுகிறேன். வெட்டினேன், ஒட்டினேன், சேமித்தேன், சர்வருக்கு அனுப்பினேன். முகவரியைத் தட்டினேன். ‘அப்படி ஒரு மாணவி இல்லை.’ இது என்ன கூத்து. மறுபடி தட்டினேன், இல்லை. வியர்த்தது, நிஜமாகவே வியர்த்தது, ஒருவேளை காரணம் அந்த வரியே இல்லையோ, வேறு எதுவோ, அப்படியானால் நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஒன்று துள்ளி எழுந்தது, கால்மணி நேரம் முழுக்க அந்தச் சந்தோஷத்தோடு வேறு காரணத்தைத் தேடினேன், இப்போது நடிப்பு இல்லை, நடுவில் நின்று வடிகட்டுகிற மிடில்வேரைத் திறந்தேன், சர்வர் அமைப்பைத் திறந்தேன், யாராவது வேறு ஒருவன் கிடைக்கமாட்டானா என்று பார்த்தேன். அந்த நேரத்தில்தான் செல்வி வந்து நின்றாள். அழுத முகம் இல்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், இப்படி நினைக்கிறவனும் மனுஷன்தானா. கையில் ஒரு தாள், சிறிய எழுத்தில் நிறைய எழுதியிருந்தாள். “சார், நான் சேந்ததுல இருந்து எழுதுன எல்லா ஃபைலையும் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன் சார். இன்னும் எங்கெங்க தப்பு விட்டுருக்கேனோ தெரியல. இந்த லாகின் பக்கத்தை மட்டும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுதீங்களா சார்?” வாங்கிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. சுத்தமாக இருந்தது, நான் எழுதுகிறதைவிடச் சுத்தம். “நல்லாத்தான்மா இருக்குது.” “நெசமாவா சார்? எனக்கு இப்ப எதைப் பாத்தாலும் இது நான் எழுதுனதுதானான்னு சந்தேகமா இருக்கு சார். அந்த வரியை எழுதுன மாதிரியே தெரியல. ஆனா எழுதிருக்கேன்லா.” சொல்லு. இப்போது சொல்லு. இவளிடமே சொல்லிவிடு, அவரிடம் அப்புறம். “கேச்சு கிளியர் பண்ணீங்களா சார்?” என்று அவள் என் திரையைப் பார்த்துக் கேட்டாள். கேச். ஃபிரேம்வொர்க் ரூட் பட்டியலை ஒருமுறை படித்து மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும், நாம் ஃபைலில் எதைத் திருத்தினாலும் பழையதையேதான் ஒப்பிக்கும், அதை அழிக்கச் சொன்னால்தான் புதிதாகப் படிக்கும். இது இரண்டாம் நாள் பாடம். ஒரே ஒரு கட்டளை, தட்டினேன், முகவரியைத் திறந்தேன், விடுதி அறை புதுப்பிப்புப் படிவம், பெயர், வகுப்பு, அறை எண், எல்லாம் வந்து நின்றது. “வந்துட்டு சார்!” என்று அவள் கைதட்டினாள், அவளை வேலையை விட்டு அனுப்பப்போவது அதற்குள் ஆபீஸ் முழுக்கப் பரவி அவளுக்கும் தெரியும், ஆனாலும் படிவம் வந்ததற்குக் கைதட்டுகிறாள். மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

எழுந்துவிட்டேன். கால் நடக்கிறது, நல்லது, நடக்கட்டும், மூன்று வாக்கியம், அந்த வரி நான் எழுதினது, அவ கம்ப்யூட்டர்ல, நேரத்தைப் பாருங்க. அந்த வரி நான் எழுதினது, அவ கம்ப்யூட்டர்ல, நேரத்தைப் பாருங்க. அறைக் கதவைத் தள்ளும்போது அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கிறார், தக்காளி சாதம், “வாங்க சிகா, ஆச்சுங்களா?” “ஆச்சுங்க சார். படிவம் வருதுங்க.” “அப்பாடி. உக்காருங்க.” உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சாதம் போடுவார், நின்றே சொல்லவேண்டும். “சார், செல்வி விஷயமுங்க.” “சொல்லுங்க.” என் வாய் திறக்கிறது, உள்ளே வரிசையாக நிற்கிற மூன்று வாக்கியத்தில் ஒன்றும் வெளியே வரவில்லை, வந்தது வேறு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் வழவழவென்று வந்தது. “அந்தத் தப்பு என்னோடதுன்னே வெச்சுக்கங்க சார்.” வெச்சுக்கங்க. அடப்பாவி. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், கண் இளகுகிறது, நான் அதைப் பார்க்கிறேன், அது இளகுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். “சிகா, அந்தப் பொண்ணுக்காக நீங்க தலையைக் குடுக்கறீங்களா?” “இல்லீங்க சார், நெஜமாலுமே நான்தானுங்க.” “அட போங்க. பேரைத்தான் டிவியில நானே பாத்தனுங்களே. பதினாறு வருஷமா உங்களைப் பாக்கறேன், இந்த மாதிரி வரியை நீங்க மேல வெப்பீங்களா?” நேரத்தைப் பாருங்க என்று சொல்லவேண்டும். ஐந்து ஐம்பத்திரண்டு. அவர் மேஜையிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, திரும்பினால் கீபோர்டு, தட்டிக் காட்டினால் அவ்வளவுதான், அவர் பார்த்துவிடுவார். போன் அடிக்கிறது. செயலாளர் பத்து நிமிஷம் முன்னாலேயே கூப்பிடுகிறார். அவர் எடுக்கிறார், என்னைப் பார்த்து இருங்க என்று கையால் காட்டுகிறார், நான் இருக்கிறேன். “சரி பண்ணியாச்சுங்க ஐயா… புதுசா சேந்த பொண்ணுங்க… ஆமாங்க, கவனக் குறைவுதானுங்க… ஆனா ஒண்ணு சொல்றனுங்க ஐயா, எங்க சீனியர் ஒருத்தரு, உங்களுக்கு டெமோ காட்டுனாரே அவருதான், அந்தப் பொண்ணை அனுப்ப வேண்டாம், தப்பு என்னோடதுன்னு வெச்சுக்கங்கன்னு எம்முன்னால நிக்கறாருங்க. இந்தக் காலத்துல எவன் சொல்லுவானுங்க அப்படி?” அந்தப் பக்கம் செயலாளர் ஏதோ சொல்கிறார், இவர் சிரிக்கிறார், ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் மெதுவாக, “பெரியவரு ரொம்ப சந்தோஷப்படறாருங்க. மூணு மாசம் ப்ரொபேஷனை நீட்டிச்சுக்கலாம், உங்களுக்காக” என்கிறார். தலையை ஆட்டுகிறேன். நன்றிங்க சார் என்கிறேன். நன்றி என்று சொன்னேன்.

வெளியே வருகிறேன். அவளுக்கு வேலை போகவில்லை, அதைப் பிடித்துக்கொள், அதுதானே வேண்டும், அது நடந்துவிட்டது இல்லையா, யார் பெயரில் இருந்தால் என்ன, இல்லை, என்ன என்று சொல்லாதே, என்ன என்று உனக்குத் தெரியும். எனக்கு முன்னால் செய்தி வெளியே வந்துவிட்டது, ஒன்பது பேர் ஆபீசில் கதவு எதற்கு, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், காலையில் பார்த்ததைவிட அதிகமாக, ஒருவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க சார் என்கிறான். முகம் எரிகிறது. அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். செல்வி தன் இடத்திலிருந்து வருகிறாள், இப்போதுதான் அழுதிருக்கிறாள், துப்பட்டா நுனியால் துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்திருக்கிறது. “சார், எனக்காகப் போயிப் பொய் சொன்னீங்களாம்லா.” அந்த வெள்ளிக்கிழமை நீ எத்தனை மணிக்குக் கிளம்பினே, யோசிச்சுப் பாரு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மீதியை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள், கெட்டிக்காரி. “எங்க அப்பாகூட இப்படிச் செய்ய மாட்டாவ சார். உங்க பேரை நான் கெடுக்க மாட்டேன். இனிமே நான் எதை எழுதுனாலும், ஒரு வரின்னாலும், உங்ககிட்ட காட்டிட்டுத்தான் சார் கமிட் பண்ணுவேன். என்னைய நானே நம்ப மாட்டேன் சார். பாத்துக் குடுப்பீங்கல்லா?” எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பதிலுக்காக நிற்கிறாள்.

“சரிம்மா,” என்றேன். “கொண்டா, பாக்கறேன்.”